கையைத் தூக்கினால் உடையும் மேலே ஏறுகிறதா?

தைத்து வாங்கிய டாப்ஸ் கண்ணாடி முன் நிற்கும்போது கச்சிதமாகத்தான் இருக்கும். அலமாரியின் மேல்தட்டில் எதையாவது எடுக்கக் கையைத் தூக்கினால் உடை மொத்தமும் கூடவே ஏறும், அக்குளில் இழுக்கும். உடனே பலரும் தையல்காரரிடம் கேட்பது, "ஆர்ம்ஹோலை இன்னும் கொஞ்சம் இறக்கிடுங்க" என்றுதான். ஆர்ம்ஹோல் என்றால் உடையில் கைத்துணி வந்து சேரும் துளை. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள், இழுப்பு இன்னும் கூடும். ஆர்ம்ஹோல் இறங்க இறங்க, பக்கவாட்டுத் துணியும் கையோடு சேர்ந்து மேலே போகும். கை வைத்த உடையில் அது அக்குளுக்கு அரை முதல் ஒரு அங்குலம் கீழே முடிந்தால் போதும். தாராளம் வேண்டுமென்றால் கைத்துணியின் மேல்வளைவு உயரத்தைச் சற்றுக் குறைத்து, மேல்கைச் சுற்றளவைக் கூட்டச் சொல்லுங்கள்.

மார்பு டார்ட்டின் (மார்பு வடிவத்துக்காகத் துணியை மடித்துக் கூராக முடியும்படி தைப்பது) நுனி, மார்பின் உச்சிக்கு ஒரு அங்குலம் முன்பே நிற்கட்டும். உச்சியைத் தொட்டால் அந்த இடம் கூம்பாகத் துருத்தும்.

இடுப்பைச் சுற்றி உட்கார்ந்தும் ஒரு அளவு எடுக்க வேண்டும். நிற்கும்போது எடுத்ததைவிட அது அதிகம் இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான அளவு.

பருத்தி என்றால் வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவையுங்கள். பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொன்னால் பிறகு பிரித்துத் தளர்த்தலாம்.

போட்டுப் பார்க்கும்போது உட்காருங்கள், குனியுங்கள், இரு கைகளையும் முன்னால் கட்டிப் பாருங்கள். முதுகு இழுத்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.