மூன்றாவது பெயாரிங் வாங்குவதற்கு முன்

ஒரே சக்கரத்தில் ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை பெயாரிங் போய்விட்டதா? மூன்றாவதை வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். ஒழுங்காகப் பொருத்திய நல்ல வீல் பெயாரிங் (உள், வெளி வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருண்டு சக்கரத்தைச் சுற்ற விடும் பாகம்) லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடியது. அது சில மாதத்தில் சாகிறதென்றால், பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் அதைக் கொல்கிறது.

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் என் கராஜுக்கு "அண்ணே, போன மாசந்தான் மாத்தினோம், திரும்பவும் கத்துது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கழற்றிய பெயாரிங் எங்கே என்று கேட்டால், "அதைத்தான் தூக்கிப் போட்டாச்சே" என்பார்கள். காரணம் தெரிய இருந்த வழியே அதுதான். எந்தக் கராஜில் மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கத்துச் சக்கரம், மீட்டரில் எவ்வளவு என்று எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

முதலில், கத்துவது பெயாரிங்தானா என்று தெரியவேண்டும். அலை அலையாகத் தேய்ந்த டயரும் அப்படியே ஊளையிடும். காபட் ரோட்டிலிருந்து பழைய தார் ரோட்டுக்கு இறங்கியதும் சத்தம் மாறினால் டயரைச் சந்தேகியுங்கள். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால், சத்தமும் கூடவே பின்னுக்குப் போகும். பெயாரிங் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறாது, வேகத்தோடுதான் கூடிக் குறையும். கியரை நியூட்ரலில் போட்டாலும் அப்படியே இருக்கும். (இதைச் சமதரையில் செய்யுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற பழக்கம் வேண்டாம்.)

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க நம் ரோட்டைப் போல வசதி கொழும்புக்காரர்களுக்குக் கிடையாது. கொட்டகலையிலிருந்து தலவாக்கலைப் பக்கம் போகும்போது வளைவுக்கு மேல் வளைவு. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கம், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். காதை மட்டும் நம்பி நல்ல பக்கத்தை மாற்றிவிட்டு, "திரும்பவும் போய்விட்டது" என்று வருகிறவர்களும் உண்டு. அங்கே போனது எதுவும் இல்லை, கெட்டது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

பிறகு வண்டியைத் தூக்குங்கள். மலையில் சமமான இடம் கிடைப்பது கஷ்டம், ஆகவே மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜெக்கோடு ஸ்டாண்டும் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒரு கையைக் கொயில் ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினால், கெட்ட பெயாரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டு) போன்றவற்றைப் பாருங்கள்.

இனி கழற்றிய பெயாரிங். கிரைண்டரால் வெளி வளையத்தை வெட்டித் திறந்து (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்), கிரீஸைத் துடைக்காமல் முதலில் அதன் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்தோ துருவேறிச் சிவந்தோ இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகி, இரும்பு நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் சூடு. குண்டு ஓடும் தடத்தில் குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தால் அடி விழுந்திருக்கிறது: ரோட்டுக் குழியிலோ, பொருத்தும்போதோ. தடம் முழுக்க நெருக்கமான கோடுகள் ஓடினால், அண்மையில் வெல்டிங் செய்தீர்களா என்று யோசியுங்கள். எர்த் கிளிப்பை எங்கோ தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பெயாரிங் வழியாகவும் ஓடும். வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள். கடைசியாக, வெளி வளையத்தின் முதுகு பளபளவென்று தேய்ந்திருந்தால் அது நக்கிளுக்குள்ளேயே (பெயாரிங் உட்காரும் ஓட்டை உள்ள இரும்புப் பாகம்) சுற்றியிருக்கிறது. என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் போகும் வண்டிகளில் முதலில் தேட வேண்டியது இந்தப் பளபளப்பைத்தான்.

பெயாரிங் நக்கிளுக்குள் ஒரு தலைமுடியின் தடிமன் அளவு இறுக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்பு ஒருமுறை உள்ளே சுற்றியிருந்தால் ஓட்டை பெருத்திருக்கும், அதற்குப் பிறகு எத்தனை புதிது போட்டாலும் நிற்காது. புதுப் பெயாரிங் கையால் தள்ளியே உள்ளே போனால் நக்கிள் முடிந்தது. அதே மாதிரி, ஹப் (ரிம் மாட்டும் பாகம்), பெயாரிங்குக்குள் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) இல்லாமல் நுழைந்தால் ஹப்பும் முடிந்தது. லேத்துக்குக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சிலர் சென்டர் பஞ்சால் சுற்றிவரப் புள்ளி குத்தி இறுக்குவார்கள், சிலர் சோடா டின் தகட்டை வெட்டி வைப்பார்கள். இரண்டும் என் கராஜில் கிடையாது. கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய நக்கிள் தேடலாம், ஆனால் வாங்கும் முன் அதன் ஓட்டையையும் அளக்க வேண்டும். ஹப்பில் ஒட்டிக்கொண்ட உள் வளையத்தைக் கிரைண்டரால் வெட்டியவர் ஹப்பையும் கீறியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்தக் கீறலின் மேடு அடுத்ததைச் சரிவாக உட்கார வைக்கும்.

பொருத்தும் முறையில்தான் புதுப் பெயாரிங் அதிகம் சாகிறது. நக்கிளுக்குள் அழுத்தும்போது விசை வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்தைக் கீழிருந்து தாங்க வேண்டும். மாறிப்போனால் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகப் போகும், பெயாரிங் ரோட்டுக்கு வரும் முன்பே தடம் பள்ளமாகிவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற கராஜில் நின்று பேச வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சூட்டின் அடையாளம் தெரிந்தால் பிரேக்கைப் பாருங்கள். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது பிரேக் பெரிதாக மிதிபடாது. ஏறி முடித்து நிறுத்தியதும் இரண்டு முன் ரிம்மையும் கையைக் கிட்டக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் கெலிப்பர் (பிரேக் பேட்டை அழுத்தும் பாகம்) இறுகிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, கெலிப்பர் நகரும் பின்னை (pin) இளக்காமல் பெயாரிங் மாற்றுவது வீண். இறக்கத்திலோ இரண்டுமே சுடும். றம்பொடைப் பக்கம் முழு தூரமும் பிரேக்கிலேயே இறங்குகிறவர்கள் கியரைக் குறைத்தால் பெயாரிங்குக்கும் நல்லது.

சுட்ட சக்கரத்தோடு ஓடும் தண்ணீரில் இறக்குவதும் கெடுதல். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீரை ஹப்புக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். இடது முன்சக்கரம் மட்டும் போகிறதென்றால் எனக்கு ஆச்சரியமில்லை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், தோட்டத்து ரோட்டில் உடைந்த ஓரமும் கான் தண்ணீரும் அந்தச் சக்கரத்துக்குத்தான்.

மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகல ரிம், ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ள நடுவில் வைக்கும் தகடு) இரண்டும் பாரத்தைப் பெயாரிங்கின் இரண்டு குண்டு வரிசைகளில் ஒன்றில் ஏற்றும். அழகுக்கு மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். போலிப் பெயாரிங்கும் சந்தையில் உண்டு. பெட்டியில் உள்ள இலக்கமும் வளையத்தில் பொறித்த இலக்கமும் ஒன்றுதானா, பொறிப்பு தெளிவாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பெயாரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்தம் இருக்கும். பேப்பர் கிளிப் ஒட்டுகிற பக்கம் சென்சரைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். ஆக்சில் நட் புதிதாக இருக்கட்டும், இறுதி இறுக்கம் டோர்க் ரென்ச்சால்தான் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி). பல சின்னக் கார்களுக்கு 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், உங்கள் மொடலின் சரியான எண்ணை மனுவலில் பாருங்கள். அந்த நட்தான் உள் வளையங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதை இறுக்கும் முன் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி நகர்த்தினால் புதுப் பெயாரிங் அங்கேயே அடிபடும். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு வீல் நட்டுகளையும் ஒருமுறை டோர்க் ரென்ச்சால் சரிபாருங்கள்.