துருப்பிடித்த மட்கார்டுக்குப் பதில் ஃபைபர்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் ஏற்றும் எங்கள் மினி லாரியில் பின்பக்க மட்கார்டு இரண்டும் அடியிலிருந்தே அரித்துப் போயிருந்தன. தோட்டத்துச் சேறு உள்மடிப்பில் தங்கி ஈரம் காயாமலே இருக்கும். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். தகரமே வேண்டாம், கண்ணாடி இழையில், அதாவது ஃபைபரில் செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஓரளவு தேறிய பழைய மட்கார்டைப் பட்டி பார்த்து, மெழுகு தேய்த்து, அதிலிருந்தே அச்சு எடுத்தேன். அச்சுக்குள் முதலில் ஜெல் கோட் என்ற வெளிப்பூச்சு, அப்புறம் கண்ணாடி இழைப் பாயும் (மேட்) பாலியஸ்டர் ரெசின் என்ற பிசினுமாக மூன்று அடுக்கு. உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதில்தான் பலமே இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம்மூர் சித்திரை வெயிலுக்குக் குறைந்த அளவே சரி, இல்லாவிட்டால் டப்பாவிலேயே இறுகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே ஹார்ட்னர். இறுகிய ஃபைபரை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

3 மி.மீ. ஃபைபர் சதுர மீட்டருக்குச் சுமார் 4.5 கிலோ, 0.8 மி.மீ. இரும்புத் தகடு 6 கிலோவுக்கு மேல். எனக்கு எடையைவிடத் துரு இல்லாததுதான் பெரிது.

ஃபைபரில் மரை நிற்காது. துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரப்பரும் அகல வாஷரும் வைத்து போல்ட்டை அளவாக இறுக்கினேன். அறுத்த ஓரங்களில் ரெசின் பூசினேன், இல்லையென்றால் இழை வழியே தண்ணீர் ஏறும். சேஸிஸ் மாதிரி பளு தாங்கும் பாகங்களில் இந்த வேலை வேண்டாம்.