கடை வலையமைப்பில் சுரிகாட்டா: தடுப்பதற்கு முன் கவனியுங்கள்

கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளின் வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். பூட்டுக்கும் கமராவுக்கும் தாராளமாகச் செலவழிக்கும் முதலாளிமார், அந்தக் கமரா இணையத்தில் யாருடன் பேசுகிறது என்று கேட்பதே இல்லை. வலையமைப்புப் போக்குவரத்தைக் கண்காணித்து அதைக் காட்டும், சந்தேகமானதை எச்சரிக்கும், சொன்னால் தடுக்கவும் செய்யும் சுரிகாட்டா இலவசம். திறந்த மூல மென்பொருள்.

சிறிய கடைக்கு, பம்பலப்பிட்டியில் வாங்கும் பழைய கணினி ஒன்றில் 8 ஜிபி நினைவகமும் இரண்டு நெட்வேர்க் அட்டைகளும் உபுண்டுவும் இருந்தால் போதும். போர்ட் மிரரிங், அதாவது போக்குவரத்தைப் பிரதியெடுத்து இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பும் வசதி, உள்ள சுவிட்ச் அவசியம். ரவுட்டருக்குப் போகும் போக்குவரத்தின் பிரதியை இந்தக் கணினிக்குத் திருப்புங்கள். ரவுட்டருக்கு வெளியே வைத்தால் கடையிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே முகவரியாகத் தெரியும். எதில் கோளாறு என்று பிடிக்க முடியாது.

சுரிகாட்டாவின் அமைப்புக் கோப்பில் ஹோம்நெட் (HOME_NET) என்ற வரியில் கடையின் முகவரித் தொடரை எழுதுங்கள், உதாரணமாக 192.168.1.0/24. சந்தேகமான போக்குவரத்தை அடையாளங்காணும் விதிகள், எது உள், எது வெளி என்று பிரிப்பது இதை வைத்துத்தான். அதே கோப்பில் மாதிரியாக உள்ள நெட்வேர்க் அட்டையின் பெயரையும் உங்கள் கணினிக்கு ஏற்ப மாற்றுங்கள். பிறகு சுரிகாட்டா அப்டேட் கட்டளை எமர்ஜிங் த்ரெட்ஸ் ஓப்பன் என்ற இலவச விதித் தொகுப்பை இறக்கித் தரும். அது தினமும் தானாக ஓடட்டும்.

இனி அவசரப்படாதீர்கள். சில வாரங்கள் எதையும் தடுக்காமல் சுரிகாட்டா தான் கண்டதை எழுதிவைக்கும் ஈவ் பதிவை மட்டும் படியுங்கள். ஒரு கடையில் பில் போடும் கணினி சுத்தமாக இருந்தது. கமரா ரெக்கோர்டரோ நள்ளிரவில் முன்பின் தெரியாத முகவரிகளின் 23ஆம் போர்ட்டை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. அது, தொலைவிலிருந்து கருவிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டின் போர்ட். 2016இல் கமரா போன்ற கருவிகளைப் பிடித்த மிராய் என்ற தீம்பொருள் பரவியதும் இந்த வழியில்தான். இணையத் தொடர்பைத் துண்டித்து, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றிய பின்பே அது அடங்கியது. மறையாக்கப்பட்ட போக்குவரத்தின் உள்ளடக்கம் சுரிகாட்டாவுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனாலும் எந்தக் கருவி எந்த முகவரியைத் தேடிப் போகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தடுக்கத் தொடங்கும்போது கணினியை ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவில் வைக்க வேண்டும். பிரதியை மட்டும் பார்க்கும் கணினியால் பொதிகளை (போக்குவரத்தின் தரவுத் துண்டுகளை) நிறுத்த முடியாது. நன்றாகத் தெரிந்த விதிகளை மட்டும், ஒவ்வொன்றாக, 'அலர்ட்' என்பதிலிருந்து 'டிராப்' என்று மாற்றுங்கள். அட்சய திருதியை அன்று ஒரு தவறான விதியால் கார்ட் மெஷின் நின்றால் முதலாளி முழுக் கணினியையும் பிடுங்கி எறிவார், அதில் நியாயமும் உண்டு. லினக்ஸ் ஃபயர்வோல் பொதிகளைச் சுரிகாட்டாவிடம் ஒப்படைக்கும் என்எஃப்கியூ முறையில் இயக்கினால், ஃபயர்வோல் விதியில் பைபாஸ் தெரிவைச் சேர்த்துவிடுங்கள்; சுரிகாட்டா நின்றுபோனாலும் வியாபாரம் ஓடும்.