முழங்காலில் அடிபட்டால் எந்தப் படம் எடுப்பது?
வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் திருகி முழங்கால் வீங்கியவர், எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும் நிம்மதியாக வீடு திரும்பிவிடக்கூடாது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். முழங்காலுக்குள் எலும்புகளைக் குறுக்காகப் பிணைக்கும் சிலுவைத் தசைநார் கிழிந்திருப்பதையோ, மெனிஸ்கஸ் என்னும் பிறை வடிவக் குருத்தெலும்பையோ காட்டாது. அவற்றைத் தெளிவாகப் பார்ப்பதற்கு, எக்ஸ்ரே கதிர்களைப் பயன்படுத்தாமல் வலிய காந்தத்தின் உதவியால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனே ஏற்றது. நீர் கோத்திருப்பதை அறிய அல்ட்ராசவுண்ட் போதும். நொறுங்கிய எலும்பைச் சத்திரசிகிச்சைக்கு முன் ஆராய, பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து இணைக்கும் சி.டி. ஸ்கேன் உதவும்.

ஆயினும், அடிபட்டபின் நான்கு காலடிகூட எடுத்து வைக்க முடியாதவருக்கும், முழங்காலை 90 பாகை வரை மடக்க முடியாதவருக்கும், 55 வயதை எட்டியவருக்கும் முதலில் எக்ஸ்ரேயே அவசியம். சில மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினாலோ, படியிறங்கும்போது பிடிமானமின்றி நழுவினாலோ, எம்.ஆர்.ஐ. தேவையா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்; இதயத் துடிப்பைச் சீராக்கும் இதயமுடுக்கி பொருத்தியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.