"புரிஞ்சுதா?" என்று கேட்காமல் மதிப்பிடுவது எப்படி: தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போட்டுச் சொல்லும். அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள், எட்டு ஒன்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மதிப்பீடு சுலபம் என்று நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. சின்ன வகுப்பில் பிள்ளையை மட்டுமா தெரியும், அண்ணன் எப்படிப் படித்தான், அம்மாவுக்கு ஃபேக்டரியில் எந்த ஷிஃப்ட், அப்பா எந்தத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார், எல்லாம் தெரியும். கடைசியில் நமக்குத் தெரிந்த பிள்ளைக்கு அடைவுநிலை (1 முதல் 6 வரையான தர எண்) போடுகிறோம், அந்தப் பிள்ளை செய்த வேலைக்குப் போடுவதில்லை. சமர்த்துப் பிள்ளைக்கு 5, வாலுக்கு 3. இதைத் தடுக்க ஒரே வழி, கையில் சான்று இல்லாமல் எண்ணை எழுதாமல் இருப்பதுதான்.

ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021இல் எடுத்துவிட்ட பிறகு, ஆரம்பப் பள்ளியில் வகுப்பறை மதிப்பீடுதான் முதுகெலும்பு. ஆறு அடைவுநிலைகளில் முதல் மூன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டாலே போதும்: 1 என்றால் தெரியும், 2 என்றால் புரியும், 3 என்றால் செய்யவும் முடியும். குறைந்தபட்சம் எட்டவேண்டியது 3. அதற்கு மேலே ஒழுங்காக, தானாக, புதிய சூழலிலும் செய்கிறானா என்று பார்க்கிறோம். நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதித் தேர்வும் உண்டு, ஆனால் அது வரும்போது ஆண்டே முடிந்துவிடும், அதை வைத்துப் பாடத்தை மாற்ற முடியாது.

சரி, வகுப்பில் என்ன செய்வது? முதலில், பாடத்தின் நடுவில் கேட்க ஒரு கேள்வியை முந்தின நாளே தயார் செய்யுங்கள். தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு தவறான புரிதலைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் 0.4, 0.35, 0.125 மூன்றில் எது பெரியது என்று கேளுங்கள். 0.125 என்பவன் தசமப்புள்ளியை மறந்து 125 என்று படிக்கிறான். 0.4 என்றால் சரி, ஆனால் அவசரப்படாதீர்கள். இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரிது என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களும் 0.4 என்றுதான் சொல்வார்கள். உடனே 0.3, 0.46 எது பெரியது என்று கேட்டால் யார் யார் என்று பிரிந்துவிடும். தமிழிலும் இப்படித்தான். "பள்ளிக்கு சென்றான்" என்பதைத் திருத்தச் சொன்னால் "பள்ளிக்குச் சென்றான்" என்று எல்லோரும் திருத்திவிடுவார்கள், பக்கத்திலேயே "அப்பா கொடுத்தார்" என்று போட்டுவையுங்கள், அதையும் "அப்பாக் கொடுத்தார்" ஆக்குகிறவனுக்கு விதி தெரியாது, வல்லினத்தைப் பார்த்தால் ஒற்றுப் போடும் பழக்கம் மட்டும் இருக்கிறது.

விடையை வாயால் வாங்காதீர்கள். ஆளுக்கொரு லேமினேட் செய்த ஏ4 தாள், மார்க்கர், துடைக்கப் பழைய காலுறை. எழுதி நெஞ்சோடு அணைத்துவைத்து, "காட்டு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரியின் தாளைப் பார்த்துத்தான் மற்றவை எழும். பாதிக்கு மேல் தவறு என்றால் அங்கேயே நிறுத்தி வேறு விதமாகச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு பேர்தான் என்றால், மற்றவர்களைப் பயிற்சியில் விட்டுவிட்டு அந்த இருவரோடு உட்காருங்கள்.

வாய்மொழிக் கேள்வியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கவனித்தது: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, பேசுகிற பிள்ளைகளும் கூடுகிறார்கள். மூன்று நொடி மௌனம் நமக்குத்தான் பொறுக்காது. பெயர் எழுதிய ஐஸ்கிரீம் குச்சிகளை டின்னில் போட்டு, கேள்வி கேட்டு, காத்திருந்து, பிறகு உருவுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பாடம் முடியும்போது கையகலத் தாளில் ஒரே கணக்கு, அல்லது ஒரே வாக்கியம். மதிப்பெண் போடாதீர்கள். சரி, கொஞ்சம் தடுமாற்றம், தெரியவில்லை என்று மூன்று அடுக்காகப் பிரியுங்கள், நாளைய பாடம் எங்கே தொடங்கவேண்டும் என்று தெரிந்துவிடும். தேதி போட்டுக் கோப்பில் சேர்த்தால் அதுவே சான்று. இரண்டு ஆண்டு மாணவர்களை ஒன்றாக உட்காரவைக்கும் கூட்டு வகுப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு ஆண்டிடம் மட்டும் வாங்குங்கள். இரண்டையும் தினமும் செய்யப் போனால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல். "ஒரு குலை 18 கிலோ, 6 குலை எவ்வளவு?" என்று எழுத்தில் கொடுத்தால் தவறாகச் செய்கிறான், பக்கத்தில் போய் வாசித்துக் காட்டினால் மனக்கணக்காகவே 108 என்கிறான். அவனுக்குப் பெருக்கல் தெரியும், வாசிப்புதான் தடை. கணிதத்துக்கு 2 போட்டால் அது பொய். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

திருத்தும் நோட்டில் மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்து எழுதுவதால் பயன் குறைவு. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள்; மதிப்பெண்ணோடு கருத்தும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் பிள்ளை பக்கத்தை மூடிவிடுகிறது. ஆகவே "நன்று", "முயற்சி செய்" என்பதை விட்டுவிட்டு, "மூன்றாம் வாக்கியத்தில் எழுவாய் பன்மை, பயனிலையைப் பார்" என்று எழுதுங்கள், அடுத்த நாள் அதைத் திருத்த ஐந்து நிமிடம் வகுப்பிலேயே கொடுங்கள். அந்த ஐந்து நிமிடம் கொடுக்காவிட்டால் நீங்கள் எழுதியதெல்லாம் வீண்.

பெற்றோர் வரும் நாளில் "மகளுக்கு 3" என்று மட்டும் சொன்னால், மூன்றாம் இடமா என்று கேட்பார்கள். கோப்பிலிருந்து இரண்டு தாளை எடுத்து முன்னால் வையுங்கள்: "அம்மா, இது ஜூன் மாதம் எழுதினது, இது இப்போ. சேர்த்தெழுதுறதைத் தானா செய்யுறா. கட்டுரையில கருத்தை வரிசைப்படுத்தத்தான் இன்னும் பழகணும், வீட்டுல தினமும் நடந்த ஒரு விசயத்தை வரிசையா சொல்லச் சொல்லுங்க."