ஃப்ளாஸ் விண்ணப்பம்: இருபது மணி நேரத்தில் போன 7,500 டாலர்

ஜனவரி பிறந்தால் எனக்கு இரண்டு வகைக் கடிதங்கள் வரும். ஒன்று பொங்கல் வாழ்த்து. மற்றது, "அக்கா, ஃப்ளாஸுக்கு விண்ணப்பிக்கிறேன், கட்டுரையைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டு வருவது. பார்த்துத் தருகிறேன். பார்க்கும்போதெல்லாம் பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே மறுபடி படிப்பது போல இருக்கும். அதே அசட்டுத்தனம், அதே நம்பிக்கை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஓர் அயல்மொழியையும், அந்த மொழி வழங்கும் வட்டாரத்தைப் பற்றிய பாடங்களையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு அந்நாட்டுக் கல்வித் துறையின் பணத்தில் கிடைக்கும் உதவித்தொகைதான் ஃப்ளாஸ். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. பதறிப்போன அமெரிக்கா 1958இல் ஒரு கல்விச் சட்டம் போட்டது. ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் இல்லையே என்ற பயத்தில் பிறந்த அந்தச் சட்டத்தின் கொடியில்தான், பல வருடம் கழித்து, காரைக்குடிப் பக்கத்துப் பெண்ணான நான் பர்மிய மொழி படிக்கப் பணம் காய்த்தது. 2025இல் பணம் நிற்பதற்கு முந்தைய சுற்றில் முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்குக் கட்டணக் கணக்கில் 18,000 டாலர், கைச்செலவுக்கு 20,000 டாலர். இளநிலை மாணவர்களுக்கு 10,000, 5,000. கோடைக்குத் தனியாக 5,000, 3,500.

கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள், எழுத்துப் பிழை பாருங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர்கள் இதைப் படிக்கப் போவதுமில்லை. நானும் மற்றவர்களும் செய்த தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வாஷிங்டனுக்கு எழுதுவது

எழுதாதீர்கள். பணம் அங்கிருந்து பல்கலைக்கழக மையங்களுக்குப் போகும். உங்களைத் தேர்ந்தெடுப்பது மையம்தான். ஒரே வளாகத்தில் தென்னாசியாவுக்கு ஒன்று, தென்கிழக்காசியாவுக்கு ஒன்று, ஆப்பிரிக்காவுக்கு ஒன்று என்று மையங்கள் இருக்கலாம். உங்கள் மொழி எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

விசாவைப் பார்க்காமல் கனவு காண்பது

ஃப்ளாஸுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு இடமில்லை. போரன், சி.எல்.எஸ். என்று மொழி படிக்க அமெரிக்க அரசு தரும் வேறு இரண்டு உதவித்தொகைகளுக்கும் குடியுரிமையே வேண்டும், கிரீன் கார்டு செல்லாது.

தாய்மொழிக்கே பணம் கேட்பது

நியூ ஜெர்சியில் வளர்ந்த நம் பிள்ளைகள் அடிக்கடி விழும் பள்ளம் இது. ஏற்கெனவே சரளமாகத் தெரிந்த மொழியைப் பேணிக்கொள்ள ஃப்ளாஸ் கிடையாது. ஆனால் வீட்டில் "சாப்டியா, தூங்கு, போன எடு" அளவுக்குத் தமிழ் தெரிந்து, ஒரு பத்தி படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு வழி உண்டு. ஒழுங்காக நிலைத் தேர்வு எழுதி, இடைநிலையிலோ மேல்நிலையிலோ சேர்ந்து, எனக்கு இது வரும், இது வராது என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். சொல்லப்போனால் இளநிலை மாணவர்களுக்கு அரிச்சுவடி நிலையில் ஃப்ளாஸ் தரமாட்டார்கள், இடைநிலையாவது இருக்க வேண்டும். அந்த வகையில் வீட்டுத் தமிழ் ஒரு முன்பணம் மாதிரி.

இதை விட்டுவிட்டு, பெருமைக்கு "தமிழ் என் உயிர், தாய்ப்பாலோடு வந்தது, சரளமாகப் பேசுவேன்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியமே விண்ணப்பத்தைக் கொன்றுவிடும். சரளமாகத் தெரிந்தவருக்கு எதற்கப்பா மொழிப்பயிற்சிப் பணம்?

வகுப்பு மணிகளை எண்ணாமல் கோடைப் பள்ளியைப் பிடிப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2014. பர்மிய மொழியில் முதலாண்டை முடித்து, இடைநிலைக்குப் போக வேண்டிய நேரம். கோடை ஃப்ளாஸ் கிடைத்தது: அன்றைய கணக்கில் பள்ளிக் கட்டணத்துக்கு 5,000 டாலர் வரை, கைக்கு 2,500. மேடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தென்கிழக்காசிய மொழிகளுக்கென்றே எட்டு வாரக் கோடைப் பள்ளி நடக்கும். பர்மியமும் உண்டு. பஸ் ஏறினால் போய்விடலாம். எனக்கு அது போதவில்லை. என் அப்பத்தா பிறந்தது ரங்கூனில். பர்மா அப்போதுதான் வெளியாட்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்திருந்தது. போனால் அங்கேதான் போவது என்று ஒரு பிடிவாதம்.

யாங்கோனில் (ரங்கூனின் இன்றைய பெயர்) ஒரு தனியார் மொழிப் பள்ளியைக் கண்டுபிடித்தேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். கையேட்டின் அட்டையில் "முழுத் தீவிரப் பயிற்சி" என்று கொட்டை எழுத்து. 400 டாலர் முன்பணம் கட்டினேன். சிகாகோவிலிருந்து டிக்கெட் 1,450 டாலருக்கு வந்தது. மலிவு என்பதால் பணம் திரும்பாத ரகம். அதையும் வாங்கினேன்.

கோடை ஃப்ளாஸுக்கு விதி இது. பள்ளி ஆறு வாரத்துக்குக் குறையக் கூடாது. தொடக்க நிலைக்கும் இடைநிலைக்கும் குறைந்தது 140 மணி நேர வகுப்பு வேண்டும். மேல்நிலைக்கு 120 போதும். ஆறு, ஐந்து, நான்கு. பெருக்கினால் 120. நான் பெருக்காமல் இல்லை. பெருக்கினேன், விதித்தாளில் 120 என்ற எண்ணைப் பார்த்தேன், திருப்தியோடு மூடி வைத்தேன். அது மேல்நிலைக்கான வரி. நான் இடைநிலை.

மையத்தில் இந்தப் பணத்தைக் கவனித்துக்கொண்ட ஒருங்கிணைப்பாளர்தான் கண்டுபிடித்தார். "இருபது மணி குறைகிறதே" என்று எழுதினார். சனிக்கிழமை சந்தை உலா, மொஹிங்கா என்ற மீன் குழம்புச் சமையல் வகுப்பு, டீக்கடை உரையாடல் என்று 24 மணி நேரம் கையேட்டில் இருந்தது. அதையும் சேர்த்து 144 என்று அனுப்பினேன். திரும்பி வந்தது. மீன் குழம்பு கிண்டுவது வகுப்பில்லை என்பதை அவர் மரியாதையாகச் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு நடுவில் வாஸோ பௌர்ணமி என்ற பௌத்தப் பண்டிகை விடுமுறை. ஒரு நாள் போனால் 116.

கூடுதல் வகுப்பு வைக்க முடியுமா, நாள்வாரியாக அட்டவணை தர முடியுமா என்று பள்ளிக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அதே கையேட்டை மறுபடி இணைத்திருந்தார்கள்.

வெளிநாட்டுக் கோடைப் பள்ளி என்றால் கல்வித் துறையின் முன் ஒப்புதல் வேண்டும். அது வரவில்லை. மேடிசனில் சேரவும் காலம் கடந்துவிட்டது. என் பணம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருந்த பெண்ணுக்குப் போனது. அவர் பஸ் ஏறி மேடிசனுக்குப் போய் எட்டு வாரம் படித்தார். இன்றும் நாங்கள் தோழிகள்தான். அவருடைய பர்மியம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

7,500 போனது, டிக்கெட் போனது, முன்பணம் போனது, ஒரு கோடை போனது. இதெல்லாம்கூட ஆறிவிட்டது. ஆறாதது அந்த இருபது மணி. யாங்கோனில் ஒரு தனி ஆசிரியரை அந்தப் பள்ளி மூலமாகவே மணிக்கு எட்டு டாலருக்குப் பிடித்திருக்கலாம். 160 டாலர். விடுமுறையில் போன நான்கு மணிக்கு இன்னொரு 32. மார்ச் மாதமே அட்டவணையை எழுதி வாங்கியிருந்தால், அதில் இந்த இருபது மணியையும் சேர்க்கச் சொல்லி முடித்திருக்கலாம். ஒரு கடிதம் எழுதச் சோம்பல்.

சரி, இனி யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று நினைத்தேன். 2024 பிப்ரவரியில் ஒரு தம்பி சுவாஹிலி படிக்கத் தான்சானியா போவதாக ஒரு கையேட்டை அனுப்பினான். "வாரம் 25 மணி நேரம் அக்கா, ஆறு வாரம், 150. தாராளமாக வருகிறது." உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தேன். ஆசிரியரோடு வகுப்பு 15 மணி. உள்ளூர் மாணவரோடு 'மொழித்துணை' 5 மணி. ஊர் சுற்றல் 5 மணி. பதினைந்தை ஆறால் பெருக்கினால் 90. டிக்கெட் வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. அப்புறம் ஒரு தலைகுனிந்த பொம்மை வந்தது.

ஆகவே, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். "வாரத்துக்கு இத்தனை மணி" என்ற மொத்தக் கணக்கை நம்பாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, யார் நடத்துகிறார்கள் என்று பள்ளியிடம் எழுதி வாங்குங்கள். இடைவேளையைக் கழியுங்கள். அந்த நாட்டு நாட்காட்டியை எடுத்து விடுமுறைகளைக் கழியுங்கள். 50 நிமிட வகுப்பை ஒரு மணி என்று எண்ணலாமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள். உங்கள் நிலை எது என்பதையும் அவரிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அரிச்சுவடி நிலை என்றால், அந்த மொழிக்கு அமெரிக்காவிலேயே வகுப்பு இருக்கும்போது வெளிநாடு போக ஒப்புதல் எதிர்பார்க்காதீர்கள். பணம் திரும்பாத டிக்கெட்டை ஒப்புதல் கைக்கு வரும்வரை தொடாதீர்கள். ஏப்ரலில் 300 டாலர் ஏறும். ஏறட்டும்.

காதல் கடிதம் எழுதுவது

என் முதல் கட்டுரை இப்படித் தொடங்கியது: "ரங்கூன் தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான்." நெறியாளர் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார்.

கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். தூணுக்கும் பர்மிய மொழி வகுப்புக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வரைவில் நிலத்துக்கு வந்தேன். கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது விளைநிலத்தில் 6 சதவீதம். பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானம் மூழ்கி, 1938இல் அது 25 சதவீதம். செட்டியார் கணக்குத் தமிழில் இருக்கிறது, எனக்குப் படிக்க வரும். நிலத்தை இழந்த விவசாயியின் பேச்சு பர்மியத்தில் இருக்கிறது, எனக்குப் படிக்க வராது. அதற்குத்தான் பணம் வேண்டும் என்று எழுதினேன். தேக்குத் தூணுக்கு இரண்டாம் பத்தியில் அரை வரி கொடுத்தேன். விட மனம் வரவில்லை.

சாப்பாடு பிடிக்கும், சினிமா பிடிக்கும், பண்பாடு செழுமையானது என்பதெல்லாம் எல்லா மொழிக்கும் பொருந்தும். இந்த மொழி தெரியாவிட்டால் உங்களால் எந்தத் தாளைப் படிக்க முடியாது, யாரோடு பேச முடியாது என்று சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம்

ஒரு கடிதமாவது மொழி ஆசிரியரிடமிருந்து வர வேண்டும். துறைத்தலைவரின் நாலு வரிப் புகழ்ச்சி வேண்டாம்.

வட்டாரப் பாடத்தைக் கழற்றிவிடுவது

ஆண்டு ஃப்ளாஸ் எடுத்தால் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு மொழிப் பாடம், ஒரு வட்டார ஆய்வுப் பாடம், இரண்டும் வேண்டும். பொறியியல் பிள்ளைகள் செமஸ்டர் நடுவில் சுமை தாங்காமல் இரண்டாவதை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். சொல்லாமல் இருந்தால் தெரியாமல் போய்விடாது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் அழுவார்கள்.

வரி

கைக்கு வரும் தொகைக்கு வருமான வரி உண்டு. சம்பளம் இல்லை என்பதால் யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள், ஆண்டுச் சம்பளக் கணக்கைக் காட்டும் டபிள்யூ-2 படிவமும் வராது. எனக்கு முதல் ஏப்ரலில் ஆயிரத்துச் சொச்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. வங்கியில் 212 இருந்தது. மாதாமாதம் எடுத்து வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்வரியாகக் கட்டவும் வழி இருக்கிறது.

போரனை இலவசப் பணம் என்று நினைப்பது

இளநிலைக்கு 25,000 டாலர் வரை வரும். பதிலுக்கு, படித்து முடித்தபின் குறைந்தது ஓராண்டு அமெரிக்க மத்திய அரசில், தேசியப் பாதுகாப்போடு தொடர்புள்ள வேலை பார்க்க வேண்டும். அதற்கு மனமிருந்தால் கேளுங்கள்.

ஃப்ளாஸை மட்டும் நம்பி இருப்பது

2025இல் கல்வித் துறையில் இந்தத் திட்டத்தை நடத்திவந்த அலுவலகமே ஆட்குறைப்பில் காலியானது. அதே ஆண்டில் மையங்களுக்குப் போக வேண்டிய பணமும் நின்றது. ஃப்ளாஸ் உறுதி என்று டீச்சிங் அசிஸ்டென்ட் வேலையை விட்டவர்களைப் பார்த்தால், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை நினைவுக்கு வரும். அந்த வேலையோடு மருத்துவக் காப்பீடும் சேர்ந்தே போகலாம் என்பது இன்னொரு தலைவலி. மையத்தில் உங்கள் கையில் கடிதம் தரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பணம் மையத்துக்கு வந்துவிட்டதா, அல்லது வரும் என்று நம்புகிறார்களா? வராவிட்டால் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து ஈடுகட்டுமா? பதில் மழுப்பலாக இருந்தால் துறைச் செயலரிடம் போய், அந்த டீச்சிங் அசிஸ்டென்ட் வகுப்பை எனக்கே வைத்திருங்கள் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் சிரிப்பார், ஆனால் குறித்துக்கொள்வார்.