வோல்டேஜ் ஏறிக்கொண்டே போனபோது

உலோக ஆக்சிஜனேற்றிக் கழிவே வேண்டாம் என்றுதான் ஓர் அரோமாட்டிக் அமீனின் (பென்சீன் போன்ற வளையத்தோடு நைட்ரஜன் இணைந்த சேர்மம்) ஆக்சிஜனேற்ற வினையை மின்சாரத்துக்கு மாற்றினேன். 1 மில்லிமோலுக்கு, மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான் கணக்கில், 193 கூலும் மின்னூட்டம் வேண்டும். மாறாத 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் கிட்டத்தட்ட 5 மணி 20 நிமிடம். ஆனால் அரை மணியிலேயே வோல்டேஜ் எகிறியது. கரைசலில் மின்சாரம் கடத்தும் உப்பு போதவில்லையோ என்று இன்னும் சேர்த்தேன், பயனில்லை. நேர்மின்வாயை வெளியே எடுத்துப் பார்த்தால், கிராஃபைட் மேல் பழுப்பாக ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் பிசின் மாதிரி உரிந்தது. அமீன் அங்கேயே பாலிமராகி மின்வாயை மூடியிருக்கிறது!

சரி, அசிட்டோனில் கழுவி, நைஸான உப்புத்தாளால் தேய்த்தேன். அப்புறம் எதிர்மின்வாயையும் கிராஃபைட்டாக்கினேன். இரண்டும் ஒரே பொருளாக இருந்தால்தான் மின்னோட்டத்தின் திசையை மாற்றுவது சரிவரும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பினேன். படலம் தடிக்கும் முன்பே கழன்றது, வோல்டேஜ் கடைசிவரை நிலையாக நின்றது.